மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண ரிசெப்ஷன், அம்மன் கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா என்று தமிழ்நாட்டில் மேடை ஏறும் லைட் மியூசிக் ட்ரூப்களில் பேஸ் வாசிக்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பேஸ் கிட்டார் ஓரளவு வாசிக்கத் தெரியும், மேடைதான் புதிது என்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

கீபோர்டிலேயே பேஸ் வந்துவிடுகிறதே, தனியாக பேஸ் கிட்டார் எதற்கு?

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ட்ரூப் நடத்துகிறவர் முதலில் கழற்றிவிடுவது பேஸ் வாசிப்பவரைத்தான். கீபோர்டுக்காரர் இடது கையில் சமாளித்துவிடுவார் என்று கணக்கு. வேர் சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போகும் பாட்டுக்கு அது போதும். ஆனால் தமிழ்ப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு பேஸ் என்பது தனி மெட்டு. இளையராஜாவின் பாடல்களில் நெடுங்காலம் வாசித்த சசிதரன், ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸ் போன்றவர்களின் பேஸ் வரிகளைப் பாட்டு வரிகளோடு சேர்த்தே மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். இன்டர்லூடில் வலது கை வயலின் பகுதியை வாசிக்கும்போது இடது கையால் அந்த வரியை நினைத்தபடி வாசிக்க எல்லாக் கீபோர்டுக்காரராலும் முடியாது. உங்களுக்கான இடம் அங்கேதான்.

அதனால் முதல் ரிகர்சலிலேயே கீபோர்டுக்காரரிடம் ஒன்றைப் பேசி முடித்துவிடுங்கள்: "அண்ணே, நான் வாசிக்கிற பாட்டுல இடது கை பேஸ் வேண்டாம், ஸ்டைல்ல இருக்கிற பேஸ் பார்ட்டையும் மியூட் பண்ணிடுங்க." இரண்டு பேஸ் சேர்ந்து ஒலித்தால் ஒலி வலுவாகாது, கலங்கும். இரண்டும் சில சென்ட் (ஒரு ஃப்ரெட் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தள்ளி டியூன் ஆகியிருந்தால் அடிச்சுரம் அலையடிக்கும். மைனஸ் ட்ராக் (பாடகர் குரல் இல்லாத இசைப் பதிவு) ஓடும் பாட்டுக்கும் இதே பிரச்சினைதான். ட்ராக்கில் பேஸ் இருந்தால் அந்தப் பாட்டுக்கு நீங்கள் வாசிக்காமல் இருப்பதே நல்லது.

பாடகர் "நாலரைக் கட்டை" என்கிறார். பேஸில் அது எங்கே இருக்கிறது?

கட்டை என்பது ஆதார சட்ஜத்தைச் சொல்வது. முழு எண் வெள்ளைக் கட்டை, அரை எண் கருப்புக் கட்டை. 1 கட்டை சி, 1½ சி ஷார்ப், 2 டி, 2½ டி ஷார்ப், 3 இ, 4 எஃப், 4½ எஃப் ஷார்ப், 5 ஜி, 5½ ஜி ஷார்ப், 6 ஏ, 6½ ஏ ஷார்ப், 7 பி. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கருப்புக் கட்டை இல்லாததால் 3½ என்று ஒன்று கிடையாது.

நாலரை என்றால் இ தந்தியில் 2-ஆவது ஃப்ரெட். ஒன்றரை என்றால் ஏ தந்தியில் 4-ஆவது ஃப்ரெட். ஆனால் கட்டை தெரிந்துவிட்டால் மேஜரா மைனரா என்பது தெரிந்துவிடாது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

கீபோர்டுக்காரர் சொன்ன கார்டை வாசித்தால் சுருதி சேரவில்லை. ஏன்?

ட்ரான்ஸ்போஸ். புதிதாக வருகிறவர்கள் மேடையில் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.

பாடகர் "ஒரு கட்டை ஏத்துங்க" என்றதும் கீபோர்டுக்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு முறை அழுத்துவார். அவர் விரல் பழைய இடத்திலேயே சி மைனர் பிடிக்கும், ஸ்பீக்கரில் டி மைனர் வரும். உங்களைப் பார்த்து "சி மைனர்" என்றுதான் சொல்வார், ஏனென்றால் அவர் கண்ணுக்குத் தெரிவது அது. நீங்கள் ஏ தந்தியில் 3-ஆவது ஃப்ரெட்டை அழுத்தினால் மேடையே தலை திரும்பிப் பார்க்கும். வர வேண்டியது 5-ஆவது ஃப்ரெட்.

இதற்கு வழி: பாட்டு தொடங்கும் முன் "சவுண்டிங் என்ன?" என்று கேட்பது. கேட்க நேரமில்லை என்றால் வால்யூமை மூடிக்கொண்டு, தந்தியை மெல்லத் தட்டி, டியூனரைப் பார்த்தபடி முதல் கார்டின் வேரைக் காதால் பிடியுங்கள். இரண்டு பார் தாமதமாகச் சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. தப்பான சுரத்தில் சேர்ந்தால் கடைசி வரிசை வரை தெரியும்.

வெறும் தந்தியை நம்பி வரிகளைப் பழகாதீர்கள். இ, ஏ, டி, ஜி திறந்த தந்திகள் இல்லாமல், விரல் அமைப்பு மாறாமல் நகர்த்தும்படி பழகியிருந்தால், பாடகர் எத்தனை கட்டை மாற்றினாலும் கையை அப்படியே தள்ளிக்கொண்டு போகலாம்.

நாலு தந்தி போதுமா, ஐந்து வேண்டுமா?

கற்றுக்கொள்ள நாலு போதும். ட்ரூப்பில் தொடர்ந்து வாசிப்பதாக இருந்தால் ஐந்து வாங்குங்கள். எஃப்-இல் இருக்கும் பாட்டைப் பாடகருக்காக டி-க்கு இறக்கினால், இ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் இருந்த வேர் சுரம் இப்போது இ தந்திக்கும் கீழே போய்விடுகிறது. ஐந்து தந்தியில் அது பி தந்தியின் 3-ஆவது ஃப்ரெட். நாலு தந்தியில் ஒரு ஆக்டேவ் மேலே வாசிக்க வேண்டும், பாட்டின் கனம் குறையும். 90-களுக்குப் பிறகு வந்த பாடல்களில் சிந்த் பேஸ் இ-க்குக் கீழேயும் இறங்குவது சகஜம்.

விலை குறைந்த ஐந்து தந்தி பேஸில் பி தந்தி தொளதொளவென்று இருக்கும். கடையில் வாங்கும்போது ஆம்பில் போட்டு, பி தந்தியின் 5-ஆவது ஃப்ரெட்டையும் திறந்த இ தந்தியையும் மாறி மாறி வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சுரம். முதலாவது மட்டும் மங்கலாகக் கேட்டால் வேறொன்றைக் கேளுங்கள்.

ஒரு வாரத்தில் முப்பது பாட்டு. எப்படித் தயாராவது?

மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு முப்பது பாட்டு வரை ஆகும். எல்லாவற்றையும் ஒரே அளவு உழைத்துப் படிக்க நேரம் இருக்காது. முதலில் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். பேஸ் வரி எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒரு வகை. இவற்றைச் சுரம் பிசகாமல் எடுக்க வேண்டும். கார்டு மட்டும் சரியாக இருந்தால் போதும் என்பவை இரண்டாவது. குத்துப் பாட்டுகள் மூன்றாவது, இவற்றில் தாளமும் நிறுத்தங்களும்தான் முக்கியம். உழைப்பில் பாதிக்கு மேல் முதல் வகைக்குப் போகட்டும்.

போன் ஸ்பீக்கரில் கேட்டுப் படிக்கவே படிக்காதீர்கள். திறந்த இ தந்தியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ், ஜி தந்தியுடையது 98 ஹெர்ட்ஸ். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் இவற்றைக் கொடுக்க முடியாது. நீங்கள் கேட்பது மேல்சுரங்களை மட்டும், அதனால் ஆக்டேவும் சில சமயம் சுரமுமே தப்பாகக் காதில் விழும். காதை மூடும் ஹெட்போன் போடுங்கள். வேகத்தை 70 சதவீதமாகக் குறைக்கும் ஆப் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் கலங்கிக் கேட்டால் பாட்டை ஒரு ஆக்டேவ் மேலே ஏற்றிக் கேளுங்கள், வரி துலங்கும். கையில் எடுக்கும் முன் வாயால் பாடுங்கள். பாட வராத வரி மேடையில் கைக்கும் வராது.

பழைய பாடல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கேசட்டிலிருந்தோ இசைத்தட்டிலிருந்தோ எடுத்த கோப்பு ஏ 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதிக்குச் சரியாக இருக்காது. இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கும். அதற்காக உங்கள் பேஸை மாற்றி டியூன் செய்யாதீர்கள். ஆப்பில் பாட்டைச் சில சென்ட் நகர்த்தி அருகில் இருக்கும் கட்டைக்குக் கொண்டுவாருங்கள்.

சார்ட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். மேலே பாட்டின் முதல் வரி, ஒரிஜினல் கட்டை, நம் பாடகரின் கட்டை, தாளம். பிறகு பல்லவி, முதல் இன்டர்லூட், சரணம், இரண்டாவது இன்டர்லூட் என்று பகுதி பகுதியாக, எத்தனை பார் என்ற எண்ணோடு. இரண்டு இன்டர்லூடும் வேறுவேறாக இருப்பதுதான் நம் பாடல்களின் வழக்கம். ஒன்றைப் படித்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று இருந்துவிடாதீர்கள். முடிவை சிவப்பில் எழுதுங்கள்: பல்லவி எத்தனை முறை, எந்த வார்த்தையில் நிறுத்தம், ஃபேட் அவுட்டில் முடியும் பாட்டுக்கு மேடையில் என்ன முடிவு. ரெக்கார்டிங்கில் மங்கி மறையும் பாட்டு மேடையில் எங்கேயாவது நின்றாக வேண்டும். அதை ரிகர்சலில் முடிவு செய்யாத ட்ரூப்தான் நாலு பேர் நாலு இடத்தில் முடிப்பது.

கார்டை எண்ணாக (சட்ஜத்தை 1 என்று வைத்து) எழுதிவைத்தால் கட்டை மாறும்போது திருத்தி எழுத வேண்டியதில்லை. காகிதம் என்றால் துணி காயப்போடும் கிளிப் நாலு கொண்டுபோங்கள். திறந்தவெளி மேடையில் பெரிய பெடஸ்டல் ஃபேன் சுழலும்போது ஃபைல் பறக்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

கேபிள் இரண்டு, 6 மீட்டருக்குக் குறையாமல். ஒரு செட் புதுத் தந்தி, கட்டர். கிளிப் டியூனர், கூட்டத்தின் சத்தத்தில் போன் டியூனர் வேலைக்கு ஆகாது. ஆக்டிவ் பேஸ் என்றால் 9 வோல்ட் பேட்டரி இரண்டு. ஸ்பைக் பஸ்டர், நீளமான எக்ஸ்டென்ஷன் கார்டு, லைன் டெஸ்டர், சின்ன டார்ச், இன்சுலேஷன் டேப். ஆலன் கீ. வியர்வை துடைக்கக் காட்டன் துணி. சொந்தமாக ஒரு டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் சின்னப் பெட்டி).

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் கேபிளைச் செருகியதுமே ப்ரீஆம்ப் ஓடத் தொடங்கிவிடும். சவுண்ட் செக் முடிந்து சாப்பிடப் போகும்போது கேபிளைக் கழற்றாமல் போனால் அத்தனை நேரமும் பேட்டரி கரையும். சத்தம் குறைந்து, ஓங்கி அடித்தால் கரகரப்பு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியை.

ஆம்ப் வேண்டுமா, டிஐ போதுமா?

கூட்டத்துக்குக் கேட்பது டிஐ வழியாக, உங்களுக்குக் கேட்பது ஆம்ப் வழியாக. மண்டபத்துக்கு 100 வாட் காம்போ போதும். திறந்தவெளியில் அதை மானிட்டராக மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைச் சவுண்ட்காரரின் சப்வூஃபரிடம் விடுங்கள். கிட்டார் ஆம்பில் பேஸைச் செருகி முழு வால்யூம் வைத்தால் ஸ்பீக்கர் கோன் கிழியும், அது யாருடையதோ அவருக்கு நஷ்டம்.

ஆக்டிவ் டிஐ-க்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் ஃபாண்டம் பவர் வேண்டும். சவுண்ட்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பழைய மிக்ஸர்களில் அது எல்லா சானலுக்கும் சேர்த்து ஒரே ஸ்விட்சாக இருக்கும். போடும்போது மாஸ்டர் வால்யூம் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 'டொம்' என்று அடிக்கும். லெவல் கேட்கும்போது மெதுவாக வாசித்துக் காட்டிவிட்டு நிகழ்ச்சியில் ஓங்கி வாசிக்காதீர்கள். குத்துப் பாட்டில் எப்படி அடிப்பீர்களோ அப்படியே அடித்துக் காட்டுங்கள்.

'உம்' என்ற ஹம் போகவே மாட்டேன் என்கிறது.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இ தந்தியின் 3-ஆவது ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். அதாவது ஹம்மும் ஐந்து கட்டைப் பாட்டின் அடிச்சுரமும் ஏறக்குறைய ஒரே இடம். சவுண்ட்காரர் ஈக்வலைசரில் 50-ஐ வெட்டினால் ஹம்மோடு உங்கள் சுரமும் போய்விடும். காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் வழி.

கேபிளைப் பேஸிலிருந்து கழற்றுங்கள். ஹம் அப்படியே இருந்தால் பிரச்சினை ஆம்ப் பக்கம். தந்தியைத் தொட்டால் ஹம் குறைகிறதா? பேஸுக்குள் ஷீல்டிங் சரியில்லை, அல்லது பிக்கப்பே ஒற்றைக் காயில். நின்ற இடத்தில் திரும்பினால் கூடிக் குறைகிறதா? பக்கத்தில் சீரியல் செட் லைட்டின் டிம்மரோ டிரான்ஸ்ஃபார்மரோ இருக்கிறது, இரண்டடி தள்ளி நில்லுங்கள். ஆம்பும் டிஐ-யும் சேர்ந்து இருக்கும்போது மட்டும் வருகிறதா? எர்த் லூப், டிஐ-யின் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைப் போடுங்கள். அந்தப் பட்டன் சிக்னல் வழியின் எர்த்தை மட்டும் பிரிப்பது, பயமில்லை. ஆம்பின் பிளக்கில் இருக்கும் எர்த் பின்னை உடைப்பது அப்படியல்ல. ஹம் நின்றுவிடும், உங்கள் உயிருக்குப் பாதுகாப்பும் நின்றுவிடும்.

தந்தியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் பேசினால் உதட்டில் சுரீர் என்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லவே கூடாத ஒன்று இது. பேஸின் தந்தி பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கிறது, மைக்கின் வலை மிக்ஸரின் எர்த்தோடு. ஆம்ப் ஈபி லைனிலும் மிக்ஸர் ஜெனரேட்டரிலும் ஓடினாலோ, ஏதாவது ஒரு பக்கம் எர்த்தே இல்லாவிட்டாலோ, இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுகிற நீங்கள்தான் அதற்கு வழி.

மேடை ஏறியதும் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் மற்றதை மைக் வலையிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பத்து, இருபது என்று ஏறினால் வாசிக்காதீர்கள். மல்டிமீட்டர் இல்லாவிட்டால் டெஸ்டரைத் தந்தியிலும் மைக்கிலும் வைத்துப் பாருங்கள், எதில் எரிந்தாலும் நிறுத்துங்கள். எரியவில்லை என்பதை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். மேடையில் உள்ள இசைக்கருவிகள், ஆம்ப், மிக்ஸர் எல்லாமே சவுண்ட்காரரின் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கச் சொல்லுங்கள். லைட் தனி லைனில் போகட்டும். மழை பெய்து நனைந்த மேடையில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். விழாக் கமிட்டியார் அவசரப்படுத்துவார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மண்டபத்தில் பேஸ் 'கும்' என்று மட்டும் கேட்கிறது, கிராமத்தில் கேட்கவே இல்லை.

இரண்டும் எதிரெதிர் நோய்.

கல்யாண மண்டபம் என்பது காங்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. கீழ்ச்சுரம் அடித்தால் அடங்க நேரமாகும். ஆம்பை மூலையில் வைக்காதீர்கள், நாற்காலி மேல் ஏற்றிவையுங்கள். பலகை மேடையானால் இது இன்னும் அவசியம், பலகையே அதிரும். ஆம்பின் பேஸ் திருகைக் கூட்டத் தோன்றும், மாறாகக் குறையுங்கள். 100 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் வெட்டி, 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றினால் சுரம் தெளியும். சுரத்தைக் குறுக்கி வாசியுங்கள். பிரிட்ஜ் பக்கம் தந்திக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகினால் பழைய பாடல்களின் அடக்கமான ஒலியும் கிடைக்கும், மண்டபமும் முழங்காது.

திருவிழாவில் தெரு நீளத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். அவற்றில் கீழ்ச்சுரம் வரவே வராது. அங்கே மிட்டை ஏற்றி, முக்கியமான வரிகளை ஒரு ஆக்டேவ் மேலே வாசித்தால்தான் கடைசித் தெருவுக்கும் பாட்டு பாட்டாகப் போய்ச் சேரும்.

பாடகர் சரணத்தில் ஒரு வரியை விட்டுவிட்டார். என்ன செய்வது?

பாடகரோடு போங்கள், சார்ட்டோடு அல்ல. கார்டு எங்கே போகிறது என்று தெரியாத இரண்டு பாருக்கு சட்ஜத்தைப் பிடித்து நில்லுங்கள். தபேலாக்காரரோடு கண் தொடர்பு இருக்கட்டும். பல்லவிக்குத் திரும்பும் தீர்மானத்தை (முடிவுத் தாளக்கட்டை) அவர்தான் முதலில் காட்டுவார். நிறுத்தத்துக்கு மூடிய கை, ரிப்பீட்டுக்கு விரலைச் சுழற்றுவது போன்ற சைகைகளை ரிகர்சலிலேயே பேசிவைக்க வேண்டும்.

தந்தியும் கழுத்தும் நம் வெயிலுக்குத் தாங்குமா?

துடைத்தால் தாங்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். கடற்கரை ஊர்களில் துரு சீக்கிரம் ஏறும். மங்கிப்போன தந்தியைக் கழற்றிப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து நன்றாக உலர்த்தினால் சில நாளுக்குப் பளிச்சென்று ஒலிக்கும். அவசரத்துக்குத்தான், புதுத் தந்திக்கு ஈடாகாது. வெயிலில் நிறுத்திய வேனுக்குள் பேஸை விட்டுப் போகாதீர்கள், கழுத்து வளையும். 12-ஆவது ஃப்ரெட்டில் தந்தி உயரம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் இருந்தால் வசதி. ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும், வளைவைச் சரிசெய்யும் கம்பி) திருப்புவதானால் ஒரு தடவைக்குக் கால் சுற்று, பிறகு ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

வேனில் பேஸ் கடைசியாக ஏற வேண்டும், முதலில் இறங்க வேண்டும். பேஸ் இருக்கும் துணிப் பையின் மேல் ஸ்பீக்கர் பெட்டியை வைத்தால் ஹெட்ஸ்டாக் உடையும்.

எந்த மாதங்களில் வேலை இருக்கும்? பணம் எப்படிப் பேசுவது?

தை முதல் ஆனி வரை முகூர்த்தங்களும் ஊர்த் திருவிழாக்களும் சேர்ந்து வரும். ஆடியில் கல்யாணம் இருக்காது, ஆனால் அம்மன் கோயில்களால் பல ட்ரூப்களுக்கு அதுதான் நெரிசலான மாதம். ஆவணியில் மீண்டும் கல்யாணம், விநாயகர் சதுர்த்தி. புரட்டாசி மந்தம், நவராத்திரி கொஞ்சம் ஈடுகட்டும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கிறிஸ்துமஸ், புத்தாண்டு நிகழ்ச்சிகள்தான்.

சம்பளம் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று. பேசும்போது தொகையை மட்டும் பேசாதீர்கள். போக்குவரத்து யாருடையது, சாப்பாடு, வெளியூர் என்றால் தங்க இடம், ரிகர்சலுக்குத் தனியாக உண்டா, நிகழ்ச்சி ரத்தானால் என்ன, பணம் அன்றிரவே கைக்கு வருமா என்பதையெல்லாம் கேட்டு, தேதியோடு வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பிவையுங்கள். பேசியதற்கு அது சாட்சி. ஒப்புக்கொண்ட தேதிக்குப் பிறகு அதிகச் சம்பளத்தில் வேறொன்று வந்தால் மறுத்துவிடுங்கள். தவிர்க்கவே முடியாமல் போக முடியவில்லை என்றால், உங்கள் சார்ட்டுகளைக் கையில் கொடுத்து, உங்கள் அளவுக்கு வாசிக்கும் ஒருவரை நீங்களே அனுப்புங்கள். சீசனில் ட்ரூப்காரர்கள் முதலில் கூப்பிடுவது அப்படி நடந்துகொள்கிறவரைத்தான்.

"இன்னும் ரெண்டு பாட்டு" என்று இழுத்துக்கொண்டே போனால்?

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலாச்சார நிகழ்ச்சிகளுக்கு நள்ளிரவு வரை நீட்டிக்க அரசு அனுமதி தரலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. அனுமதி வாங்குவது நிகழ்ச்சி நடத்துகிறவர் வேலை, வாங்கியிருக்கிறாரா என்று ட்ரூப் தலைவர் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும்.

காதும் முதுகும்?

பேஸ் வாசிப்பவர் நிற்பது பெரும்பாலும் ட்ரம்ஸின் ஹைஹேட் பக்கம், காதுக்கு அதுதான் கெடுதல். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் 15 நிமிடம்தான் தாங்கும் என்பது தொழில் பாதுகாப்பில் பின்பற்றும் கணக்கு. இசைக்கலைஞர்களுக்கான இயர்பிளக் வாங்குங்கள், பஞ்சு வேண்டாம், பஞ்சு மேல்சுரத்தை மட்டும் மறைத்து சுருதியைக் குழப்பும். நிகழ்ச்சிக்கு மறுநாள் காலையிலும் காதில் ரீங்காரம் இருந்தால் காது மருத்துவரைப் பாருங்கள்.

பேஸின் எடை 4 கிலோவை ஒட்டி இருக்கும். மூன்று அங்குல அகல ஸ்ட்ராப் (தோளில் மாட்டும் வார்) போடுங்கள். உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் அதே உயரத்தில் தொங்கும்படி நீளத்தை வையுங்கள். தாழ்த்தித் தொங்கவிட்டால் இடது மணிக்கட்டு மடங்கி, இரண்டாம் மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும்.